தலைப்பங்கு

நவம்பர் 8, சனிக்கிழமை

விடிய ஏழேகாலுக்கு மான் விழுந்தது. ஆறு கிளைக் கொம்பு. இருநூறு யார் தூரம், எதிர்க்காற்று, சூரியன் நேரே கண்ணுக்குள். இப்படியொரு வெடியை கனடாவில், இந்த ஒன்ராறியோவில் வேறு யாராவது வைத்திருந்தால் ஆளைக் கொண்டுவந்து காட்டட்டும். கழுத்தில் ஒரே வெடி. தனக்கு என்ன நடந்தது என்று யோசிக்க முதலே மான் படுத்துவிட்டது.

என்னோடு வந்தது மருமகள் நிரோஜினி, என் அக்காவின் மகள். பல் வைத்தியரிடம் வேலை செய்கிற பிள்ளை. துவக்குச் சுடுகிற படிப்பு, வேட்டைப் படிப்பு எல்லாம் முடித்து லைசென்ஸ் வைத்திருக்கிறாள். நானும் வைத்திருக்கிறேன். அவள் சோதனையில் ஒரே தடவையில் சித்தியடைந்தாள். நான் மூன்று தடவை எழுதினேன், எனக்குப் பாடத்தில் கூடுதலான ஆர்வம்.

சுட்ட கையோடு லைசென்ஸ் சீட்டை வெட்டி மானோடு சேர்த்து வைக்கவேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம். என் விரல்கள் குளிரில் விறைத்துப்போனதால் அவளுடைய சீட்டையே வெட்டினோம். ஒரே குடும்பம்தானே.

வரும் வழியில் மானை வால்டர் என்கிற வெள்ளைக்காரக் கிழவனின் இறைச்சிக் கடையில் இறக்கினோம். வேட்டை மானை உரித்து, குளிர் அறையில் தொங்கவிட்டு, வெட்டிப் பொதி செய்து தருவதுதான் அவனுடைய தொழில். அங்கே நின்றபடியே தம்பிஐயா அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அத்தான் என்றால் நிரோவின் தகப்பன். நான் மான் சுட்டதைச் சொல்லி, தலையை உங்கள் வீட்டுக்குத்தான் அனுப்பப் போகிறேன், மாதக் கடைசி ஞாயிறு என் வீட்டில் விருந்து, வரவேண்டும் என்றேன். தலையோ என்று திரும்பக் கேட்டார். பிறகு, "தலை வந்தா வாறன்," என்றார்.

வீடு வந்து துவக்கைத் துடைக்க எடுத்தேன். "உங்கடயைத் துடைக்கத் தேவையில்லை மாமா," என்றாள் நிரோ. பார்த்தால் உண்மைதான், குழாய் பளபளவென்று இருந்தது. நல்ல துவக்கு. அழுக்கே பிடிக்காது.

இன்றைக்கு மட்டும் பதினொரு பேருக்குச் செய்தி சொன்னேன். கடைசி ஆளுக்குச் சொல்லும்போது மானுக்கு எட்டுக் கிளை.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்றுக் கோபத்தில் எழுத மறந்தது. வால்டர் ஒரு படிவம் தந்தான். பொரிக்கிற துண்டு வேண்டுமா, சுடுகிற துண்டு வேண்டுமா, அரைத்ததா, சொசேஜா என்று நாலு பெட்டி. எலும்போடு சின்னத் துண்டாக வெட்டிக் கறிக்கு என்று ஒரு பெட்டி இல்லை. இருபத்தெட்டு வருடமாக இறைச்சி வெட்டுகிறானாம், கறி என்று ஒன்று இருப்பது தெரியாது. தோலை உரிக்காமல் மயிரை மட்டும் நெருப்பில் வாட்டித் தா என்று கேட்டேன். தன் கடைக்குத் தீயணைப்புப் படை வருவதை விரும்பவில்லை என்று நிரோவிடம் சொன்னானாம். என்னிடம் சொல்லப் பயம்.

நாலு பெட்டியிலும் நான் ஒன்றும் போடவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு மானை வரைந்து, வெட்டவேண்டிய இடமெல்லாம் கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் அதை நீண்ட நேரம் பார்த்தான். இப்படி ஒரு படத்தை அவன் வாழ்நாளில் கண்டிருக்க மாட்டான்.

தலை விசயம் பெரிய விசயம். எங்கள் ஊர்ப்பக்கம் வேட்டைக்கு ஒரு முறை உண்டு. வெடி வைத்தவனுக்குத் தலையும் ஒரு பின்தொடையும். மிச்சம் எல்லாருக்கும் சமபங்கு. தலையை அவனே சமைத்துச் சாப்பிடலாம், அல்லது தான் பெரிதாக மதிக்கிற ஒருவர் வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினால், கொண்டுபோகிறவன் வாசலில் நின்று இது இன்னாருடைய வெடி என்று சொல்லவேண்டும். சொல்லாமல் தலை வாசலைத் தாண்டாது.

எண்பத்தாறாம் ஆண்டு நானும் அத்தானும் போன வேட்டையில் ஒரு பன்றி விழுந்தது. நூற்றிருபது கிலோ. இரண்டு பேரும் துவக்கு வைத்திருந்தோம். வெடி என்னுடையது. ஊருக்குள் முதலில் வந்து சொன்னவனும் நான்தான், ஆகவே ஊரும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டது. என்னைப் பெற்ற ஐயாவின் வாசலில் என் பெயர் சொல்லித்தான் தலை உள்ளே போனது. அப்போது அத்தான் அக்காவைக் கட்டி ஆறு மாதம். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடாமல் எழும்பிப் போனவர்தான். முப்பத்தொன்பது வருடம். கலியாண மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார். என் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மட்டும். பிள்ளைகள் எல்லாம் காணிப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பன்றித் தலைக்காக இப்படி ஒரு மனுசன். எனக்கு எழுபது வரப்போகிறது, அவருக்கு எழுபத்தைந்து. பெரிய மனம் உள்ளவன் யாரோ அவன்தான் முதலில் இறங்கி வரவேண்டும் என்று நானே இறங்கி வருகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. உள்ளி உரித்தேன், இரண்டு கிலோ. விருந்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது என்று பவளம் கத்தினாள். பவளம் என் மனைவி. முன்னேற்பாடு என்றால் என்னவென்று தெரியாத குடும்பத்தில் பெண் எடுத்தேன்.

நவம்பர் 12, புதன்

வால்டரின் கடைக்குத் தொலைபேசி எடுத்து, தலை என்ன மாதிரி என்று கேட்டேன். வழக்கமாகத் தலைகளைக் கழிவோடு அனுப்பிவிடுவானாம். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பிறகு, உன்னுடைய தலை இன்னும் இருக்கிறது என்றான். மானின் தலையைத்தான் சொன்னான், ஆனால் சொன்ன விதம் சரியில்லை.

சரி, எடுத்து வை, நாளைக்கு வருகிறேன் என்றேன். சீட்டில் யார் பெயரோ அவர் சொன்னால்தான் தருவேன் என்கிறான். சுட்டவன் நான் என்கிறேன். சீட்டில் நிரோஜினி என்று இருக்கிறது என்கிறான். அதுவும் அந்தப் பெயரை அவன் வாயில் கேட்கவேண்டும். பெற்ற தகப்பனுக்கே யாரென்று விளங்காது. வெடி வைத்தவனுக்குத் தலை என்கிற ஒரு சாதாரண ஒழுங்கு தெரியாதவன் கையில் இந்த நாடு கத்தியைக் கொடுத்திருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போனேன். நேரே முகத்தைப் பார்த்தால் மனுசன் மாறுவான் என்ற நம்பிக்கை.

குளிர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனான். பன்னிரண்டு மான் தொங்குகிறது, எல்லாம் தோலுரித்து, ஒன்றைப் பார்த்தாற்போல் மற்றது. உன்னுடையது இது என்று காட்டினான். கழுத்தைப் பார்த்தேன். கழுத்து முழுசாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. ஓட்டை இருப்பது முன்தோளுக்குப் பின்னால், விலாவில். நல்ல வெடி, இறைச்சி ஒரு கைப்பிடிகூடப் பழுதாகவில்லை, சுட்டவருக்கு நிதானமான கை என்று வால்டர் சொன்னான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது என் மானே இல்லை. என் மானுக்குக் கழுத்தில் வெடி. பதினொரு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், கழுத்து என்று. இந்தக் கிழவன் என் கொழுத்த மானை யாருக்கோ கொடுத்துவிட்டு, வேறொருவனுடைய மெலிந்த மானை என் தலையில் கட்டப் பார்க்கிறான்.

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் பாவித்துச் சொன்னேன். என் மானை உன் மாமன் மச்சானுக்குக் கொடுத்திருப்பாய் என்றேன். அவன் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சீட்டு மானின் காலில் கட்டிய நூலோடு அப்படியே இருக்கிறது என்று காட்டினான். நூலை யாரும் மாற்றிக் கட்டலாம் என்றேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் கடையை விட்டுப் போ என்றான்.

நவம்பர் 14, வெள்ளி

நாங்கள் இருக்கிற ஸ்காபரோ முழுவதும் சொல்லிவிட்டேன். கோயிலில் ஒன்பது பேர். மரக்கறிக் கடையில் நாலு பேர், அதில் ஒருவர் வெள்ளைக்காரர், தலையாட்டினார். இனி ஒரு தமிழனும் அந்தக் கடைப்பக்கம் போகமாட்டான். இதுவரை போனவன் நானும் நிரோவும் மட்டும்தான் என்று பவளம் சொன்னாள். அது வேறு கதை.

நவம்பர் 15, சனிக்கிழமை

அரசாங்கத்துக்கு முறைப்பாடு எழுதினேன். மூன்று பக்கம். தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கித் தரும்படி நிரோவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டாள் என்று இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அநியாயத்தைக் கண்டால் கை துடிக்காது.

பவளம் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கிறன். உண்மையா நீங்கள்தான் சுட்டதோ?"

தேத்தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். முப்பத்தேழு வருடம் கூட வாழ்ந்த மனுசனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. தேத்தண்ணீருக்குச் சீனியும் காணாது.

நவம்பர் 16, ஞாயிறு

நிரோ வந்தாள். கடைக்குப் போவோம் வாங்கோ மாமா என்று காரில் ஏற்றினாள். எந்தக் கடை என்று சொல்லவில்லை. மார்க்கம் வீதியில் ஏறினதும் பாட்டை நிறுத்திவிட்டுக் கதைக்கத் தொடங்கினாள். அவள் தகப்பனைப்போல, சத்தம் போடாமல் கதைப்பாள். அப்படிக் கதைக்கிற ஆட்களோடு சண்டை பிடிப்பது கஷ்டம்.

"மாமா, அந்த மனுசனைக் கள்ளன் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டியள். அந்தாள் ஒண்டும் மாத்தேல்லை. நான் விலாவிலைதான் சுட்டனான்."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.

"நீங்கள் அப்பாவுக்குப் போன் எடுத்தநேரம் நான் பக்கத்திலை நிண்டனான். அவர் வாறன் எண்டு சொன்னது எனக்கும் கேட்டது. அவர் உங்கட வீட்டிலை ஒரு வாய் சாப்பிட்டு நான் பிறந்ததுக்குக் காணேல்லை. அதாலைதான் வாயைத் திறக்காமல் இருந்தனான். நீங்களே சுட்டதா இருக்கட்டும் எண்டு விட்டனான். ஆனா இந்தக் கடிதம் போனா விசாரிக்க வாறவை என்னைத்தான் கேப்பினம். சீட்டு என்ரை பேரிலை. நான் பொய் சொல்ல மாட்டன்."

பிறகு, "அந்தாளின்ரை பிழைப்பு மாமா," என்றாள்.

பச்சை விளக்கு விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். இந்த நாட்டில் மரியாதை என்பது கெட்டுப்போய்விட்டது.

கடைக்குப் போகவே இல்லை. ஒரு வட்டம் அடித்துவிட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

முறைப்பாட்டில் எழுத்துப் பிழை இருந்தது. கிழித்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இருநூறு யார் தூரத்தில், கண்ணுக்குள் சூரியனோடு, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால், எந்தத் துவக்கு வெடித்தது என்று யாருக்குத் தெரியும்? சத்தம் எல்லாத் திசையிலும்தான் கேட்கும். இதை யாரும் யோசிக்கிறார்கள் இல்லை.

நவம்பர் 19, புதன்

நிரோ வேலைக்கு லீவு போட்டாள். இருவரும் வால்டரிடம் போனோம். அவளைக் கண்டதும் சிரித்தான், என்னைக் கண்டதும் சிரிப்பை உள்ளே எடுத்து வைத்தான்.

பிரீசருக்குள் இருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்து மேசையில் வைத்தான். தலை. நான் மாற்றிவிட்டான் என்று சொன்ன அன்றைக்கே தனியாக எடுத்துப் பெயர் எழுதி வைத்தானாம், தன் பெயரைக் காப்பாற்ற. மான் விழுந்த அன்று எடுத்த படம் இருக்கிறதா என்று நிரோவிடம் கேட்டான். அவள் போனைக் காட்டினாள். இடப்பக்கக் கொம்பில் ஒரு கிளை நுனி உடைந்திருக்கிறது. பையிலிருந்த தலையிலும் இடப்பக்கம், அதே கிளை, அதே உடைவு. மூன்று பேரும் பார்த்தோம்.

அந்தப் படத்தில் நிரோ துவக்கோடு மானுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறாள். நான் பின்னால் பிளாஸ்க் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வேட்டையில் ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்வதுதான் முக்கியம்.

கிழவனிடம் மன்னிப்புக் கேட்கும்படி நிரோ எனக்குச் சொல்லவில்லை. சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைவிடச் சொல்லியிருக்கலாம். "சொறி" என்றேன். கனடாவில் ஆளோடு ஆள் முட்டினாலும் சொல்கிற சொல்தானே. ஆனால் கிழவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என் கையைப்போலவே அவன் கையிலும் இரண்டு விரல் நேராக நிற்காது. அவனுக்குக் கத்தி வேலை, எனக்கு வயது.

என் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறான், கோடு போட்ட மான். அதன்படியே எலும்போடு சின்னத் துண்டாக வெட்டித் தந்தான். ரம்பத்தில் அறுத்தானாம், ஒரு நாள் முழுக்கப் போனதாம். துண்டுகள் ஒன்றுக்கொன்று அளவில்லை. ஒரு பின்தொடையைத் தனியாக, வெட்டாமல், கட்டித் தந்தான். இது யார் சொல்லி என்று கேட்டேன். நிரோதான் சொன்னாளாம். சுட்டவரின் பங்கு அப்படித்தான் வரவேண்டுமாம். தகப்பன் அவளுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 21, வெள்ளி

நித்திரை குறைவு. தலை என் பிரீசரில், மீன் பெட்டிகளுக்கு மேலே. திறக்கும்போதெல்லாம் பார்க்கிறது. நிரோ இன்னும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்று என்ன சொன்னாலும் அவள் மறுக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை.

நான் என் பெயர் சொன்னால் அத்தான் வருவார், சாப்பிடுவார். அவள் பெயர் சொன்னால், அன்றைக்குத் தொலைபேசியில் சொன்னது பொய் என்று ஆகும். பிறகு எண்பத்தாறாம் ஆண்டுக்குப் போவார். வராமலே விடுவார்.

நவம்பர் 23, ஞாயிறு

பனி விழத் தொடங்கிவிட்டது. தலையைப் பெரிய தாச்சிச் சட்டியில் வைத்து, மேலே வெள்ளைத் துணி கட்டி, அத்தான் வீட்டு வாசலுக்குப் போனேன். பவளம் காரில் இருந்தாள், இறங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

கதவைத் திறந்தது அத்தான்தான். பின்னால் அக்கா. அக்காவுக்குப் பின்னால் நிரோ, தலையைக் குனிந்துகொண்டு. உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அத்தான் கதவுநிலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஆரின்ரை வெடி?"

முறையை மறக்கவில்லை. நான் எங்கேயும் பேசக்கூடியவன். ஆயிரம் பேர் இருந்த சபையில் பேசியிருக்கிறேன், குறைந்தது நூறு பேர். வரும் வழியில் நல்ல ஒரு பேச்சும் யோசித்து வைத்திருந்தேன். வாய்க்குள் வந்தது வேறு.

"பிள்ளையின்ரை வெடி அத்தான். நிரோவின்ரை."

அத்தான் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அத்தான் திரும்பவும் என் பக்கம் வந்தார்.

"அப்ப நீ?"

"பிளாஸ்க் பிடிச்சனான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்போ அழுகையோ தெரியாது, அக்காவுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் வரும். அத்தான் சிரிக்கவில்லை. கையைக் கதவுநிலையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"எண்பத்தாறிலை அந்தப் பண்டி?"

பனிக்குள் ஒரு மனுசனை நிற்க வைத்து, கையில் பத்துக் கிலோப் பாரத்தோடு, முப்பத்தொன்பது வருடக் கணக்கைக் கேட்கிறார். வெள்ளைக்காரன் செய்வானா இப்படி. என் சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. பதில் சொன்னேன். இரண்டு சொல். அதை இங்கே எழுதத் தேவையில்லை, கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார்.

அத்தான் துணியை விலக்கித் தலையைப் பார்த்தார். கொம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு தாச்சியை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் பாதியில் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"அடுத்த ஞாயிறு எத்தினை மணிக்கு?"

நவம்பர் 27, வியாழன்

கோயிலில் ஒன்பது பேருக்கும் வால்டர் நல்லவன் என்று சொன்னேன். மரக்கறிக் கடையில் மூன்று பேரைத்தான் பிடிக்க முடிந்தது. வெள்ளைக்காரரைக் காணவில்லை. ஊரில் ஒருவனின் பெயரைக் கெடுக்க ஒரு நாள் போதும், திருத்த எத்தனை தரம் கோயிலுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. யாரும் இதற்கு நன்றி சொல்லவும் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

வந்தார்கள். பதினாலு பேர். பவளம் மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்துப் போட்டு, ரம்பை இலையோடு மூன்று மணித்தியாலம் அடுப்பில் விட்டாள். மேற்பார்வை நான். எலும்புத் துண்டுகள் அளவில்லாமல் இருந்தாலும் சாறு நன்றாக இறங்கியிருந்தது, வால்டருக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்தேன்.

அத்தான் என் மேசையில், என் கதிரையில் இருந்தார். அது என் கதிரை என்று எல்லாருக்கும் தெரியும். நிரோ தொடையை வெட்டி முதல் துண்டைத் தகப்பனின் சோற்றுக் கோப்பையில் வைத்தாள், இரண்டாவதை என்னுடையதில். அத்தான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். எல்லாரும் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "உப்புக் கூடிப்போச்சு," என்றார். முப்பத்தொன்பது வருடம் கழித்து முதல் வாய், அதற்கு அவர் சொன்னது அதுதான். உப்பு அளவாகத்தான் இருந்தது. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

அதோடு நிற்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, பிள்ளைகளையெல்லாம் சுற்றி இருத்தி, எண்பத்தாறாம் ஆண்டுப் பன்றியின் கதையைத் தொடங்கிவிட்டார். தான் மரத்தில் ஏறி நின்றாராம். பன்றி கன்றுக்குட்டி அளவாம். தன்னைக் கண்டதும் பாய்ந்து வந்ததாம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரே வெடியாம், நெற்றிப் பொட்டில். நூற்றைம்பது கிலோவாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். நிரோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். நான் பாயசத்தைக் கலக்கிக்கொண்டு இருந்தேன்.

மனுசன் இப்படியும் பொய் சொல்லலாமா? மரமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டு நின்றது, அவர் நிலத்தில் படுத்திருந்துதான் சுட்டார். நாற்பது கிலோவுக்கு மேல் ஒரு இறாத்தல் கிடையாது. எனக்குத் தெரியாதா? அதைத் தோளில் சுமந்துகொண்டு அவருக்குப் பின்னால் நடந்தவன் நான்.